எடுத்த பிறகு ஃபோகஸ்: இந்தக் காமிரா நமக்குத் தேவையா?



"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். காலம் கடந்த பிறகு செய்யும் காரியம் எதற்கும் உதவாது என்பது அதன் பொருள். ஆனால் விஞ்ஞானம் இந்தப் பழமொழியையும் சும்மா விடவில்லை. போட்டோவை எடுத்து முடித்து, வீட்டுக்கு வந்து, சாவகாசமாக உட்கார்ந்துகொண்டு, "முன்னால் இருக்கிற பூ தெளிவாகத் தெரியட்டும், வேண்டாம், பின்னால் நிற்கிற ஆள் தெளிவாகத் தெரியட்டும்" என்று ஃபோகஸை மாற்றிக்கொள்ளும் காமிரா ஒன்று வந்தது. வந்தது, விற்றது, கடையையும் மூடிவிட்டுப் போய்விட்டது. அந்தத் தொழில்நுட்பம் நம்மைப் போல் சாதாரணமாகப் போட்டோ எடுப்பவர்களுக்கு உபயோகப்படுமா? இதுதான் என் கேள்வி.

உபயோகப்படாது என்பது என் கருத்து. ஆனால் இந்தக் கருத்துக்கு நான் லேசில் வந்துவிடவில்லை. "இதுதான்டா நமக்கு வேண்டியது" என்று முதலில் நம்பியவன் நான். அப்படி நம்பியதற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு போட்டோவின் கதை

போன வருடம் எங்கள் அப்பாயி காலமானார். மாலை போட்டு மாட்டுவதற்குப் படம் தேடினால், வீட்டில் உருப்படியாக ஒன்றுகூட இல்லை. ஆதார் அட்டையில் இருக்கும் படத்தைப் பார்த்தால் பெற்ற பிள்ளைக்கே அடையாளம் தெரியாது. கடைசியில் என் போனில் ஒரு படம் கிடைத்தது. அத்தை மகனுக்குக் காது குத்தியபோது, சாயங்கால நேரம், பந்தலில் பத்துப் பேர் வரிசையாக நிற்க நான் எடுத்த படம். நடுவில் அப்பாயி சிரித்துக்கொண்டு நிற்கிறார். அவர் சிரிக்கிற மாதிரி இருக்கும் ஒரே படம் அதுதான்.

போனில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்க ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோன பிறகுதான் உண்மை தெரிந்தது. முகம் பஞ்சு மாதிரி கலைந்து போயிருந்தது. "தம்பி, இது அவுட் ஆஃப் ஃபோகஸ் ஆயிடுச்சு. ஒண்ணும் பண்ண முடியாதுப்பா" என்று ஸ்டுடியோ அண்ணன் கையை விரித்துவிட்டார்.

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அதனால் மெஷின் சம்பந்தப்பட்ட எதுவானாலும் எனக்குத் தெரியும் என்பது அப்பாவின் நம்பிக்கை. "நீதான் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறியே, இத மட்டும் கொஞ்சம் தெளிவாக்கிக் குடுடா" என்றார். என்னால் முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

சில மாதம் கழித்து எங்கள் துறை செமினாரில் நண்பன் ஒருவன் "எடுத்த பிறகு ஃபோகஸ் செய்யும் காமிரா" என்ற தலைப்பில் பேசினான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றைக்கு இந்தக் காமிரா மட்டும் என் கையில் இருந்திருந்தால்! அன்று இரவே அதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

அது எப்படி வேலை செய்கிறது?

ஒரு ஊர்த் திருவிழாவுக்கு நாலு திசையிலிருந்தும் ஜனங்கள் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண காமிரா கோயில் வாசலில் நின்று "மொத்தம் எத்தனை பேர் வந்தார்கள்" என்று மட்டும் எண்ணுகிறது. லைட் ஃபீல்டு காமிராவோ "யார் எந்தத் தெரு வழியாக வந்தார்கள்" என்றும் தனித்தனியாகக் கணக்கு எழுதிக்கொள்கிறது. லென்ஸின் வெவ்வேறு பகுதி வழியாக வரும் ஒளிக்கதிர்கள் சென்சாரின் ஒரே இடத்தில் விழுந்தால், சாதாரண காமிராவில் அவை கலந்துவிடும். பிறகு பிரிக்க முடியாது. இந்தக் காமிராவில் சென்சாருக்கு முன்னால் நுண்லென்ஸ்கள் வரிசை வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு நுண்லென்ஸும் தன் மேல் விழும் கதிர்களைத் திசைவாரியாகப் பிரித்து, தனக்குக் கீழே உள்ள பிக்சல்களில் போடும். திசை தெரிந்துவிட்டால், "ஃபோகஸ் இங்கே இருந்திருந்தால் எந்தக் கதிர் எங்கே விழுந்திருக்கும்" என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுப் புதுப்படம் தயாரித்துவிடும். மந்திரமில்லை, தந்திரமில்லை. கூட்டல் கணக்குதான்!

நுண்லென்ஸ் யோசனை நேற்று முளைத்ததல்ல. பிரான்சு நாட்டு இயற்பியல் அறிஞர் காப்ரியேல் லிப்மன் 1908-லேயே அதை முன்வைத்தார். அதே ஆண்டு வண்ணப் புகைப்பட முறைக்காக அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் யோசனை யோசனையாகவே நின்றுவிட்டது. 2005-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ரென் இங் என்ற மாணவரும் அவருடைய பேராசிரியர்களும் கையில் தூக்கிச் செல்லும் காமிராவிலேயே இதைச் செய்து காட்டினார்கள். 2006-ல் இதுவே அவருடைய டாக்டர் பட்ட ஆய்வானது. அவர் தொடங்கிய லைட்ரோ என்ற கம்பெனி 2011 அக்டோபரில் தன் முதல் காமிராவை அறிவித்து, 2012-ல் விற்பனைக்கு அனுப்பியது. நீளமான சதுரக் குழாய் மாதிரி இருக்கும். விலை 399 டாலரிலிருந்து ஆரம்பம்.

படிக்கப் படிக்க எனக்கு ஆசை கூடியது. பிறகுதான் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

கணக்குப் போட்டால் என்ன வருகிறது?

திசையையும் எழுதிக்கொள்ள வேண்டும் என்றால் அதற்கு இடம் வேண்டும். அந்த இடம் எங்கிருந்து வரும்? படத்தின் பிக்சலிலிருந்துதான் வரும். மூட்டை ஒன்றுதான், பங்காளிகள் கூடினால் ஆளுக்குக் கிடைக்கும் படி குறையும். ஸ்டான்ஃபோர்டு காமிராவின் சென்சாரில் 4000 X 4000, அதாவது 1 கோடியே 60 லட்சம் பிக்சல்கள் இருந்தன. அதன் மேல் பதித்த நுண்லென்ஸ்கள் 296 X 296. கடைசியில் கிடைத்த படமோ பக்கத்துக்குச் சுமார் 300 புள்ளிதான். கோடிக்கு மேல் கொடுத்துவிட்டு லட்சத்துக்கும் குறைவாகத் திரும்ப வாங்குகிற வியாபாரம் இது!

லைட்ரோவின் முதல் காமிராவில் சென்சார் 1 கோடியே 10 லட்சம் கதிர்களைப் பதிவு செய்தது. வெளியே வந்த படம் 1080 X 1080 அளவு, அதாவது 12 லட்சம் பிக்சலுக்கும் கொஞ்சம் குறைவு. அதே 2011 அக்டோபரில் வெளிவந்த ஐபோன் 4எஸ் போனின் காமிரா 80 லட்சம் பிக்சல். 2014-ல் லைட்ரோ இல்லம் என்ற பெரிய காமிராவைக் கொண்டுவந்தார்கள். 1,599 டாலர் விலை வைத்தும் படம் சுமார் 40 லட்சம் பிக்சலைத் தாண்டவில்லை.

இப்போது எங்கள் அப்பாயி படத்துக்கு வருகிறேன். 1080 புள்ளி அகலத்தில் பத்துப் பேர் வரிசையாக நின்றால் ஆளுக்கு 108 புள்ளி. அதில் முகம் பாதி என்று வைத்தால் சுமார் 50 புள்ளி. ஃபிரேம் போடும் படத்தில் முகம் 5 அங்குல அகலம் வேண்டும் என்றால், ஒரு அங்குலத்துக்குப் பத்தே பத்துப் புள்ளி! ஒவ்வொரு புள்ளியும் இரண்டரை மில்லிமீட்டர் சதுரம். நல்ல பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்பார்கள். பத்துப் புள்ளியில் முகம் தெரியாது, கோலப்புள்ளிதான் தெரியும். ஃபோகஸைக் காப்பாற்றியிருக்கும் அந்தக் காமிரா, முகத்தை இழந்திருக்கும்.

நம் வீடுகளில் போட்டோ எதற்கு உபயோகப்படுகிறது என்று யோசியுங்கள். கல்யாணக் கூட்டப் படத்திலிருந்து ஒரு தலையை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டுவது எத்தனை வீட்டில் நடந்திருக்கிறது! அன்றைக்கு வேண்டியது நிறையப் பிக்சலும், வரிசையில் நிற்கும் எல்லாரும் ஒரே மாதிரி தெளிவாக இருப்பதும்தான். "பெரியப்பாவை மங்கலாக்கி மாமாவைத் தெளிவாக்கு" என்று எந்த வீட்டிலும் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் சண்டைதான் வரும்!

உண்மையில் எது கெடுத்தது?

இத்தோடு நிற்காமல் இன்னொரு கணக்கும் போட்டேன். இதுதான் என் கண்ணைத் திறந்தது.

ஒரு லென்ஸைக் குறிப்பிட்ட ஒரு தூரத்துக்கு ஃபோகஸ் செய்தால், அதில் பாதித் தூரம் முதல் கண்ணுக்கு எட்டும் தூரம் வரை எல்லாம் தெளிவாக இருக்கும். அதை ஹைப்பர்ஃபோகல் தூரம் என்பார்கள். லென்ஸின் குவியத் தூரத்தை வர்க்கப்படுத்தி, அதை எஃப் எண்ணாலும் நாம் பொறுத்துக்கொள்ளும் மங்கலின் அளவாலும் வகுத்தால் ஏறக்குறைய அந்தத் தூரம் வந்துவிடும். பெரிய சென்சார் காமிராவில் 50 மி.மீ. லென்ஸ், எஃப் 2, மங்கல் 0.03 மி.மீ. என்று போட்டால் சுமார் 42 மீட்டர் வருகிறது. சிறிய போன் காமிராவில் 4 மி.மீ. லென்ஸ், அதே எஃப் 2, மங்கல் 0.004 மி.மீ. என்று போட்டால் 2 மீட்டர்தான் வருகிறது. அதாவது அந்தப் போனில் 2 மீட்டருக்கு ஃபோகஸ் இருந்தால் 1 மீட்டருக்கு அப்பால் எல்லாமே தெளிவு. சென்சார் பெரிதாக இருக்கும் விலை கூடின போன்களில் இந்தத் தூரம் கூடும். இருந்தாலும் நாலைந்து மீட்டர் தள்ளி நிற்கும் கூட்டத்தைப் படம் எடுக்க எந்தப் போனுக்கும் ஃபோகஸ் பெரிய பிரச்னையே இல்லை.

அப்படியானால் அப்பாயி முகம் ஏன் கலைந்தது? படத்தைத் திறந்து நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்னால் பந்தலில் சீரியல் பல்பு கட்டியிருந்தார்கள். ஃபோகஸ் தவறியிருந்தால் ஒவ்வொரு பல்பும் வட்டத் தட்டு மாதிரி ஊதிப்போயிருக்க வேண்டும். அப்படி இல்லை. ஒவ்வொரு பல்பும் சின்னக் கோடாக இழுபட்டிருந்தது. எல்லாக் கோடும் ஒரே சாய்வு! போட்டோவின் விவரத்தைத் தட்டிப் பார்த்தேன். ஷட்டர் வேகம் 1/10 விநாடி என்று இருந்தது. இருட்டிக்கொண்டு வந்த நேரம். வெளிச்சம் போதாமல் போன் நிதானமாகக் கண்ணைத் திறந்து மூடியிருக்கிறது. அந்த இடைவெளியில் கை ஆடிவிட்டது. எப்படி ஆடாமல் இருக்கும்? அன்றைக்கு ஒரு கையில் பாயச டம்ளர், மறு கையில் போன். எடுத்தவன் நான்தான்.

தோழர்களே, ஸ்டுடியோ அண்ணன் சொன்னதும் தவறு, நான் நம்பியதும் தவறு. ஃபோகஸ் தவறவே இல்லை. கை அசைந்த படத்தைத் திசைவாரியாகப் பிரித்து வைத்தாலும் அது அசைந்த படம்தான். வயிற்றுவலிக்காரனுக்குப் பல் பிடுங்கின கதையாக, இல்லாத நோய்க்கு 399 டாலரில் மருந்து தேடியிருக்கிறேன்.

மறுத்துச் சொல்பவர்களுக்கு

செமினாரில் பேசிய நண்பன் விடவில்லை. "லென்ஸை முழுசாத் திறந்து வெச்சு எடுத்துட்டு, ஃபோகஸை அப்புறம் சரிபண்ணிக்கலாம்ல? வெளிச்சம் அதிகமா வரும், ஷட்டரும் வேகமா ஓடும். அப்போ கை ஆடினாலும் தெரியாதே?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. பெரிய சென்சார் காமிராவுக்கு இது பொருந்தும். ஆனால் பெரும்பாலான போன்களில் லென்ஸ் எப்போதும் முழுசாகத் திறந்துதான் இருக்கிறது. தெளிவும் ஏற்கனவே போதிய அளவு இருக்கிறது. புதிதாக லாபம் ஒன்றுமில்லை.

பூச்சி, பூ என்று பக்கத்தில் வைத்து எடுப்பவர்களுக்கு இது உதவும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மிக அருகில் போனால் தெளிவின் ஆழம் நூலிழை ஆகிவிடும். மைக்ரோஸ்கோப்பிலும் தொழிற்சாலைப் பரிசோதனையிலும் இந்த நுட்பத்துக்கு நல்ல இடம் உண்டு. ஜெர்மனியின் ரேட்ரிக்ஸ் கம்பெனி அந்த மாதிரி வேலைகளுக்கென்றே லைட் ஃபீல்டு காமிரா செய்தது. ஆகவே நுட்பம் மட்டமானது என்று நான் சொல்லவில்லை. சாதாரண ஜனங்களின் சட்டைப்பையில் கொண்டுவந்து வைத்ததுதான் பிசகு.

"இப்போது போனிலேயே பின்னணியை மங்கலாக்கும் வசதி இருக்கிறதே, அதுவும் இதுதானே?" என்று சிலர் கேட்கலாம். இல்லை. 2016-ல் ஐபோன் 7 பிளஸ் இரண்டு லென்ஸை வைத்துத் தூரத்தை மதிப்பிட்டு, தெளிவாக வந்த பின்னணியைக் கணக்குப் போட்டு மங்கலாக்கியது. 2018-ல் அந்த மங்கலை எடுத்த பிறகும் கூட்டிக் குறைக்க வழி செய்தார்கள். இது தெளிவைக் கலைக்கிற வேலை. தவறிப்போன தெளிவை மீட்கிற வேலை இல்லை. ஓரத்து முடியையும் மூக்குக்கண்ணாடியையும் சேர்த்து அழித்துவிட்டு நிற்பதை நாமே பார்த்திருக்கிறோம்.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். 2005-ல் ஸ்டான்ஃபோர்டு அறிக்கையை எழுதியவர்களில் மார்க் லெவோய் என்ற பேராசிரியரும் ஒருவர். பிற்பாடு கூகுளுக்குப் போன அவர், இருட்டில் படம் எடுக்க உதவும் நைட் சைட் வசதியை 2018-ல் கொண்டுவந்த குழுவுக்குத் தலைமை தாங்கினார். குறைந்த நேரத்தில் பல படங்களை வரிசையாக எடுத்து, அசைவைப் பார்த்து ஒன்றோடொன்று பொருத்திச் சேர்க்கும் முறை அது. நாம் தினமும் முணுமுணுக்கும் குறை அந்த இருட்டும் அசைவும்தான். அந்தக் குறைக்கு மருந்து கண்டபோது ஜனங்கள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள்.

கடை மூடினால் படம் என்னாகும்?

எல்லாவற்றையும் விட என்னைப் பயமுறுத்தியது வேறு. லைட்ரோ காமிராவின் படம் சாதாரண படமாகத் தயாராவதற்கும், ஃபோகஸை மாற்றுவதற்கும் அந்தக் கம்பெனியின் சாஃப்ட்வேர் வேண்டும். மற்றவர்கள் தொட்டுத் தொட்டு ஃபோகஸ் மாற்றிப் பார்க்கக் கம்பெனியே ஒரு இணையத்தளம் வைத்திருந்தது. 2017 இறுதியில் அந்தத் தளத்தை மூடினார்கள். 2018-ல் கம்பெனியையே மூடிவிட்டார்கள். சாதாரண படமாக மாற்றிச் சேமித்தவர்களுக்கு அந்தப் படமாவது மிச்சம். ஆனால் எந்தச் சிறப்புக்காகக் காசு கொடுத்தார்களோ, அதை மற்றவர்களுக்குக் காட்ட வைத்திருந்த இடமே போய்விட்டது.

ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாளை இப்படி எடுத்து வைத்த தாயை நினைத்துப் பாருங்கள். எங்கோ இருக்கிற கம்பெனியின் லாப நஷ்டத்தில் நம் வீட்டுப் படத்தின் ஆயுள் தொங்குவது சரியா? காகிதத்தில் அச்சிட்ட படத்துக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கு ஏறினாலும் சுவரில் அது பாட்டுக்கு இருக்கும்.

நாம் கற்றுக்கொள்ள வேண்டியது

தோழர்களே, நாளைக்கு நாமும் ஏதோ ஒரு கம்பெனியில், பட்டறையில், சொந்தத் தொழிலில் கருவிகள் செய்யப்போகிறவர்கள். லைட்ரோவைச் செய்தவர்கள் நம்மைவிடப் பல மடங்கு படித்தவர்கள். அவர்களுடைய கணக்கில் பிழை இல்லை. "நம்மால் இது முடிகிறது" என்று ஆரம்பித்தார்கள். "ஜனங்களின் படம் எதனால் கெடுகிறது" என்ற இடத்திலிருந்து ஆரம்பிக்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. லேபில் ஒரு சர்க்யூட் வேலை செய்யாவிட்டால் எடுத்த உடனே ஐ.சி.யை மாற்றாதே, முதலில் மல்டிமீட்டரை வைத்து அளந்து பார் என்று நமக்குச் சொல்லித் தருகிறார்களே, அதே பாடம்தான். நானும் அந்தச் சீரியல் பல்பை முதல் நாளே பார்த்திருந்தால் இத்தனை அலைச்சல் இல்லை.

புதுக் காமிரா வாங்கக் காசு சேர்க்கும் நண்பர்களுக்கு என் யோசனை இதுதான். லென்ஸை வேட்டி நுனியிலாவது துடைத்துவிட்டு எடுங்கள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் பிடியுங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். ஆளை வெளிச்சத்துக்குக் கூப்பிடுங்கள். ஒன்றுக்கு மூன்றாக எடுங்கள். நல்லதை இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். அதில் ஒன்றையாவது பிரிண்ட் போடுங்கள். இதற்கெல்லாம் டாலர் வேண்டாம்.

அப்பாயி படம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். முகத்தை வெட்டிப் பெரிதாக்கும் யோசனையை விட்டுவிட்டோம். பத்துப் பேர் நிற்கும் படத்தை அப்படியே சின்னதாக, போஸ்ட் கார்டு அளவில் அச்சுப் போட்டோம். சின்ன அளவில் அசைவு கண்ணுக்குத் தெரியவில்லை. கூடத்தில் மாட்டியிருக்கிறோம். மாலையும் சின்ன மாலைதான். "இதுவே நல்லாத்தான்டா இருக்கு, எல்லாரோடயும் நிக்கிறா" என்றார் அப்பா.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது விடுமுறை நெருங்கியிருக்கும். ஊருக்குப் போனதும் வீட்டுப் பெரியவர்களை வாசலுக்குக் கூப்பிடுங்கள். காலை வெளிச்சத்தில் உட்கார வைத்து, கொஞ்சம் சிரிக்க வைத்து, கை ஆடாமல் ஒரு படம் எடுங்கள். எடுத்த பிறகு ஃபோகஸை மாற்றலாம். ஆள் போன பிறகு எதையும் மாற்ற முடியாது. கண் நன்றாக இருக்கும்போதே நமஸ்காரத்தைப் பண்ணிவிடுவோம்!

— இரண்டாம் ஆண்டு மின்னணுவியல் மாணவன்